ஆஸ்கார், அரோவானா போன்ற பெரிய மீன்களுக்கு நல்ல பெல்லட் தேர்ந்தெடுப்பது எப்படி?

விரல் நீளத்தில் வாங்கி வந்த ஆஸ்கார் குஞ்சு ஒரே வருடத்தில் 25 செ.மீ. வரை வளர்ந்துவிடும். வெள்ளி அரோவானா 90 செ.மீ. வரை போகும். சிவப்பு வால் கெளுத்தியோ ஒரு மீட்டரைத் தாண்டும். இந்த உடம்பு முழுவதும் நாம் போடும் தீனியிலிருந்துதான் உருவாகிறது. அதனால் தொட்டி, ஃபில்டர் இரண்டுக்கும் செலுத்தும் கவனத்தை பெல்லட் (சிறு உருண்டைகளாக வரும் உலர் தீனி) பாக்கெட்டுக்கும் செலுத்த வேண்டும்.

"மாமிசம் தின்னும் மீனுக்கு எதற்கு பெல்லட்? சின்ன மீன்களைப் பிடித்துப் போட்டால் போதாதா?" என்று புதியவர்கள் கேட்பதுண்டு. நானும் என் முதல் ஆஸ்காருக்கு அப்படித்தான் உயிர்த்தீனி போட்டேன். அந்தத் தீனி மீன்களோடு வெள்ளைப்புள்ளி நோயும் தொட்டிக்குள் வந்து சேர்ந்தது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தங்கமீன் உள்ளிட்ட கெண்டைக் குடும்பத்து மீன்கள் பலவற்றில் தயாமினேஸ் என்ற நொதி உண்டு. அது வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும். தினமும் அதையே தின்னும் மீனுக்கு நாளடைவில் நரம்புக் கோளாறு வரலாம். மாட்டு இதயம், கோழி இறைச்சி போன்றவற்றின் கொழுப்பும் மீன் உடம்புக்கு ஒத்துவராது. கல்லீரலில் போய்ப் படியும். நல்ல பெல்லட்டை அன்றாட உணவாக வைத்துக்கொண்டு, இறால், மீன் துண்டு போன்றவற்றை இடையிடையே கொடுப்பதுதான் பாதுகாப்பான வழி.

படி 1: பாக்கெட்டைத் திருப்புங்கள்

முன்பக்கத்தில் இருக்கும் படமும் பெரிய எழுத்தும் விற்பனைக்காகப் போட்டவை. பின்பக்கத்தில் 'இன்கிரீடியன்ட்ஸ்' என்ற பட்டியலைத் தேடுங்கள். எடை அதிகமுள்ள பொருள் முதலிலும் குறைவானது கடைசியிலும் வரும். முதல் மூன்று இடங்களில் மீன், மீன்தூள், இறால், கணவாய், கிரில் (இறால் போன்ற சிறு கடலுயிரி) போன்றவை இருக்க வேண்டும். கோதுமை மாவு, சோயா, சோளம் முதலிடத்தில் இருந்தால் அந்தப் பாக்கெட்டைத் திரும்ப வைத்துவிடலாம்.

இங்கே கண்ணை ஏமாற்றும் இரண்டு இடங்கள் உண்டு. முழு மீன் என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் பச்சை மீனின் எடை. அதில் முக்கால் பங்குக்கு அருகே தண்ணீர்தான். காய்ந்த பிறகு அடுத்த இடத்தில் இருக்கும் கோதுமை அதை முந்திவிடலாம். பச்சை மீனோடு மீன்தூளும் மேல்வரிசையில் இருந்தால் நம்பிக்கை கூடும். இரண்டாவது, கோதுமை மாவு, கோதுமை குளூட்டன் (கோதுமையின் புரதம்), கோதுமை ஸ்டார்ச் என்று ஒரே தானியத்தை மூன்றாகப் பிரித்து எழுதுவது. தனித்தனியே பார்த்தால் கொஞ்சமாகத் தெரியும். கூட்டினால் முதலிடத்துக்கு வந்துவிடும்.

படி 2: மீதியைக் கணக்கிடுங்கள்

எல்லோரும் புரதச் சதவீதத்தை மட்டும் பார்க்கிறார்கள். அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் தெரியுமா? தீனியில் உள்ள நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறார்கள். அந்த நைட்ரஜன் மீனிலிருந்து வந்ததா, கோதுமை குளூட்டனிலிருந்து வந்ததா என்பது எண்ணில் தெரியாது. 2007-இல் அமெரிக்காவில் நாய், பூனை உணவில் மெலமைன் கலந்திருந்தது தெரியவந்து பெரும் பரபரப்பானது. நைட்ரஜன் மிகுந்த அந்த ரசாயனத்தைச் சேர்த்ததால்தான் கலப்பட குளூட்டனில் புரத அளவு உயர்ந்து தெரிந்தது.

ஆகவே நான் புரதத்தோடு மாவுச்சத்தையும் பார்ப்பேன். பாக்கெட்டில் அதை எழுதியிருக்க மாட்டார்கள். நாம்தான் கணக்குப் போட வேண்டும். புரதம், கொழுப்பு, நார்ச்சத்து, ஈரப்பதம், சாம்பல் (தாது உப்புகள்) ஐந்தையும் கூட்டி 100-லிருந்து கழியுங்கள். மீதி வருவதுதான் தோராயமாக மாவுச்சத்து. ஒரு பாக்கெட்டில் புரதம் 48, கொழுப்பு 12, நார் 3, ஈரம் 8, சாம்பல் 11 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 82; மீதி 18. இன்னொன்றில் 45, 5, 4, 10, 9 என்றால் கூட்டுத்தொகை 73, மீதி 27. புரதத்தில் வித்தியாசம் மூன்றே சதவீதம். மாவுச்சத்தில் ஒன்பது! மாமிசம் தின்னும் மீனின் குடல் குட்டையானது, மாவைச் செரிக்கும் திறனும் குறைவு. நான் முதல் பாக்கெட்டைத்தான் எடுப்பேன்.

பாக்கெட்டில் இருப்பவை குறைந்தபட்ச, அதிகபட்ச அளவுகள் என்பதால் இது தோராயக் கணக்குதான். சாம்பல் அளவு இல்லையென்றால் 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி பூஜ்யமாக வர வேண்டும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். பெல்லட் பொரிந்து மிதக்கக் கொஞ்சம் மாவு தேவை. என் அளவுகோல்: புரதம் 40-க்கு மேல், மீதி 25-க்குள்.

படி 3: வைட்டமின் சி எந்த வடிவில் இருக்கிறது?

சாதாரண அஸ்கார்பிக் அமிலம் பெல்லட் தயாரிக்கும் சூட்டிலும், பிறகு அலமாரியில் இருக்கும் மாதங்களிலும் பெருமளவு அழிந்துவிடும். 'அஸ்கார்பைல் பாலிபாஸ்பேட்' என்று எழுதியிருந்தால் அது தாக்குப்பிடிக்கும் வடிவம். இந்த வைட்டமின் குறைந்தால் முதுகெலும்பு வளையும், செவுள் மூடி சரியாக வளராது.

நிறத்துக்கு அஸ்டாக்சாந்தின் (இயற்கையான சிவப்பு நிறமி), கிரில், ஸ்பைருலினா (நீலப்பச்சைப் பாசி) இருந்தால் நல்லது. சில நாட்களிலேயே நிறம் கொட்டும் என்று சொல்லி, பொருள் பட்டியலே இல்லாமல் வரும் பாக்கெட்டை ஃப்ளவர்ஹார்ன் என்ற கலப்பின வண்ண மீனை வளர்ப்பவர்கள் தொடவே வேண்டாம். ஹார்மோன் கலந்த தீனிகளும் உண்டு.

படி 4: மிதப்பதா, மூழ்குவதா?

அரோவானாவின் வாய் மேல்நோக்கியது. அதற்கு மிதக்கும் பெல்லட். கெளுத்தி, பிச்சிர் போன்றவற்றுக்கு மூழ்குவது. ஆஸ்கார் இரண்டையும் தின்னும். அளவு, மீன் சிரமமின்றி ஒரே வாயில் விழுங்குமளவு இருக்கட்டும். பெரிய மீனுக்குப் பொடி பெல்லட் போட்டால் மென்று செவுள் வழியே தூளாக வெளியே விடும், ஃபில்டர்தான் பாவம்.

படி 5: சின்னப் பாக்கெட்டாக வாங்கிச் சோதியுங்கள்

பத்து பெல்லட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு வையுங்கள். உருக்குலையாமல் மெத்தென்று ஊற வேண்டும். தண்ணீர் பால் போலக் கலங்கினாலோ, சாயம் இறங்கினாலோ அடுத்த முறை வேறு வாங்குங்கள். முகர்ந்தும் பாருங்கள். மீன் வாடை வரலாம். காறல் வாடை வரக்கூடாது. மீன் எண்ணெய் காற்றுப் பட்டால் சீக்கிரம் கெடும் என்பதால் இரண்டு மூன்று மாதத்தில் தீர்ந்துபோகும் அளவே வாங்க வேண்டும். காற்றுப் புகாத டப்பாவில், வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். பூசணம் தெரிந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். அந்த நஞ்சு ஈரலைத் தாக்கும்.

படி 6: மீனைப் பழக்குங்கள்

உயிர்த்தீனிக்குப் பழகிய மீன் பெல்லட்டை ஏறெடுத்தும் பார்க்காது. பலர் இங்கேதான் மனம் இளகிப் பழைய தீனிக்கே திரும்பிவிடுகிறார்கள். நன்றாக வளர்ந்த, நோயில்லாத மீன் நான்கைந்து நாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது. குஞ்சுகளுக்கும் மெலிந்த மீன்களுக்கும் இதைச் செய்யக்கூடாது. பட்டினிக்குப் பிறகு, உரித்த இறாலைக் கீறி உள்ளே ஊறிய பெல்லட் ஒன்றைச் செருகிக் கொடுங்கள். நாளுக்கு நாள் இறாலைச் சிறிதாக்கி பெல்லட்டைக் கூட்டுங்கள். ஏற்கெனவே பெல்லட் தின்னும் மீன் பக்கத்தில் இருந்தால் போட்டியில் இதுவும் பாயும்.

முதலில் வாயில் வாங்கித் துப்பும். அதைத் தோல்வி என்று நினைக்க வேண்டாம். மீன் ருசி பார்க்கிறது. ஐந்து நிமிடத்தில் மிச்சத்தை வலையால் எடுத்துவிடுங்கள். மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடி கொடுங்கள்.