பெரோவ்ஸ்கைட் படலம்: படிகம் வளர்வதை எப்படிக் கட்டுப்படுத்துவது?

2009-ல் ஜப்பானின் மியாசாகா குழு பெரோவ்ஸ்கைட் (ஒளியை நன்றாக உறிஞ்சும் ஒருவகைப் படிகப் பொருள்) கொண்ட முதல் சூரிய மின்கலத்தை அறிவித்தபோது செயல்திறன் 3.8 சதவீதம்தான். பத்தே ஆண்டுகளில் அது 25-ஐத் தாண்டியது. பொருளைக் கண்டுபிடித்தது பாதி வேலை என்றால், அதைப் படலமாக்கக் கற்றது மீதிப் பாதி.

அரை மைக்ரான் தடிமன்கூட இல்லாத படலம் அது. நடுவில் ஓட்டை விழுந்தால் மேலடுக்கும் கீழடுக்கும் தொட்டுக்கொள்ளும், மின்கலம் கெடும். படிகங்கள் பொடிப்பொடியாக இருந்தால், ஒளியால் பிறந்த மின்னூட்டம் படிகங்களுக்கு இடையிலான எல்லைகளில் சிக்கி வீணாகும்.

கற்கண்டு மெதுவாக விளைவதால் கட்டி பெரிதாகிறது, ஆனால் இடையிடையே வெற்றிடம் நிற்கிறது. நமக்கு முதலில் வேண்டியது அதற்கு நேர்மாறு: பரப்பு முழுக்க ஒரே நொடியில் எண்ணற்ற கருக்கள், அதாவது படிகம் முளைக்கும் புள்ளிகள். வளர்ச்சியை அப்புறம் சூட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

கீழே உள்ள அளவுகள் 2015-ல் தென்கொரியாவில் நாம்-க்யூ பார்க் குழு வெளியிட்ட முறையைச் சேர்ந்தவை. ஆய்வகத்தில் மட்டுமே செய்யுங்கள். ஈய உப்பு நஞ்சு, டி.எம்.எஃப். என்னும் கரைப்பான் தோல் வழியே உடலுக்குள் போகும், ஈதர் சட்டெனத் தீப்பிடிக்கும். புகைபோக்கிக் கூண்டும் கையுறையும் கட்டாயம், கையுறையில் டி.எம்.எஃப். பட்டால் உடனே மாற்றுங்கள்.

1. கரைசல்

ஈய அயோடைடு 461 மில்லிகிராம், மெத்தில்அம்மோனியம் அயோடைடு 159, டி.எம்.எஸ்.ஓ. (இன்னொரு கரைப்பான்) 78. மூன்றும் மோல் கணக்கில் சமம். இவற்றை 600 மில்லிகிராம் டி.எம்.எஃப்.-ல் போட்டு ஒரு மணி நேரம் கலக்குங்கள்.

டி.எம்.எஸ்.ஓ.-வைக் குறைத்துவிடாதீர்கள். அது ஈயத்தைப் பற்றிக்கொண்டு, படிகம் அவசரப்பட்டு வளராமல் தடுக்கிறது. வெறும் டி.எம்.எஃப்.-ல் இருந்து தானாகக் காயவிட்டால் ஊசி ஊசியாக வளர்ந்து, நடுவே கண்ணாடி தெரியும்.

2. கண்ணாடி

சோப்புநீர், தண்ணீர், அசிட்டோன், ஐசோபுரொப்பனால் என்று வரிசையாகக் கழுவி, கடைசியில் புற ஊதா ஓசோன். தூசி இருக்கும் இடத்தில் ஓட்டை விழும்.

3. சுழற்சியும் ஈதரும்

எல்லாம் தீர்மானமாகும் இடம் இதுதான்.

கரைசலைக் கண்ணாடி முழுக்கப் பரப்பி, ஸ்பின் கோட்டரில் (கண்ணாடியைச் சுழற்றிப் படலம் பரப்பும் கருவி) நிமிடத்துக்கு 4000 சுற்று வேகத்தில் 25 நொடி சுற்ற விடுங்கள். படலம் மங்குவதற்குச் சற்று முன், அரை மில்லிலிட்டர் டைஎதில் ஈதரை அதன் மேல் விட வேண்டும். ஈதர் டி.எம்.எஃப்.-ஐ இழுத்துக்கொண்டு போகும், டி.எம்.எஸ்.ஓ. தங்கிவிடும். சரியாக அமைந்தால் படலம் கண்ணாடி போலத் தெளிவாகவே இருக்கும்.

"சற்று முன்" என்பது எத்தனையாவது நொடி? அறையின் வெப்பம், ஈரப்பதம், காற்றோட்டத்தைப் பொறுத்து மாறும். அதனால் முதல் கண்ணாடியை ஈதர் விடாமலே சுற்றி, எந்த நொடியில் மங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்ததில் அதற்கு இரண்டு மூன்று நொடி முன்னால் விட்டுப் பாருங்கள். சீக்கிரம் விட்டால் கரைப்பான் மிச்சமிருந்து, கரு போதுமான அளவு உண்டாகாது. தாமதித்தால் பெரிய படிகங்கள் ஏற்கெனவே வளர்ந்து, படலம் பால் போல வெளுக்கும்.

பிப்பெட் முனை நடுவில் நேராக, அசையாமல் இருக்கட்டும். சொட்டுச் சொட்டாக விட்டால் வளையம் விழும். பீய்ச்சியடித்தால் நடுவில் பள்ளம். ஒரே சீராக ஓடவிடுங்கள். வெறும் கண்ணாடியில் ஈதரை மட்டும் வைத்துக் கையைப் பழக்கிக்கொள்வது நல்லது.

4. சூடு

65 டிகிரியில் ஒரு நிமிடம், பிறகு 100 டிகிரியில் இரண்டு நிமிடம். டி.எம்.எஸ்.ஓ. வெளியேற, தெளிந்த படலம் பழுப்பாகி, கறுத்துப் பளபளக்கும். நிறம் மாறும் அந்தக் காட்சி எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது! நேரம் கூடினால் படிகம் இன்னும் பெருக்கும் என்று சூட்டிலேயே விட்டுவிட வேண்டாம். மெத்தில்அம்மோனியம் அயோடைடு ஆவியாகி, ஈய அயோடைடின் மஞ்சள் தலைகாட்டும். ஈதர் புட்டி ஹாட் பிளேட் பக்கமே வரக்கூடாது.

5. சோதனை

முகம் தெரியும் அளவு பளபளப்பு இருந்தால் நல்ல அறிகுறி. எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுக் கருவி கிடைத்தால் (வழக்கமான தாமிரக் கதிரில்) 14.1 டிகிரி கோணத்தில் பெரோவ்ஸ்கைட்டின் உச்சி தெரிய வேண்டும். 12.7-ல் உயரமாக ஒன்று நின்றால் அது ஈய அயோடைடு. சூட்டையும் எடை அளவையும் பாருங்கள். இரண்டும் சரி, படலம் மட்டும் மங்கல் என்றால் வேறு எதையும் தொடாமல் ஈதரை ஒரு நொடி சீக்கிரமாக விடுங்கள்.