லேபிலேயே எட்ச் செய்ய வேண்டாம்

லித்தியம் டைசிலிகேட் (கண்ணாடி கலந்த பல் செராமிக்) கிரௌன் (பல் உறை), வெனீர் (பல்லின் முன்பக்க மெல்லிய தகடு), ஆன்லே (பல்லின் மேற்பகுதியை மூடும் துண்டு) எதுவானாலும் உட்புறத்தை எட்ச் செய்யாமலே (அமிலத்தால் அரித்துச் சொரசொரப்பாக்காமலே) அனுப்பும்படி பல் லேபிடம் சொல்லிவிடுங்கள். முதலில் வாயில் பொருத்திப் பாருங்கள். பிறகு வெளியே எடுத்து, கழுவி உலர்த்தி, 5% ஹைட்ரோஃப்ளோரிக் அமில ஜெல்லை 20 விநாடி வைத்து, நன்றாகக் கழுவிக் காயவைத்து, சைலேன் (செராமிக்கையும் சிமென்ட்டையும் இணைக்கும் திரவம்) 60 விநாடி.

எட்ச் செய்த பரப்பின் நுண்குழிகளில் எச்சில் புரதம் படிந்தால் தண்ணீருக்குப் போகாது. சிமென்ட் பிடிப்பும் குறையும். கடைசியில் எட்ச் செய்தால் தனியாகச் சுத்தம் செய்யும் வேலை இருக்காது. 20 விநாடிக்கு மேல் வைப்பதால் பிடிப்பு பெரிதாக அதிகரிக்காது, செராமிக்தான் பலவீனமாகலாம். ஃபெல்ட்ஸ்பதிக் (கண்ணாடி அதிகமுள்ள வேறொரு பல் செராமிக்) என்றால் 60 விநாடி. இந்த அமிலம் வாய்க்குள் போகவே கூடாது.

ஏற்கெனவே எட்ச் ஆகி வந்திருந்தால்? 37% பாஸ்போரிக் அமிலத்தால் ஒரு நிமிடம் தேய்த்துக் கழுவி, சைலேனை மறுபடி போடுங்கள்.

சிர்கோனியா என்ற மற்றொரு பல் செராமிக்குக்கு இந்த அமில முறை எதுவும் பொருந்தாது. அதில் கரைய கண்ணாடிப் பகுதி இல்லை. பாஸ்போரிக் அமிலமோ எம்டிபி (சிர்கோனியாவைச் சிமென்ட்டோடு பிணைக்கும் பொருள்) ஒட்ட வேண்டிய இடத்தை அடைத்துவிடும். பொருத்திப் பார்த்த பின் 50 மைக்ரான் அலுமினாவைக் குறைந்த அழுத்தத்தில் அடித்து, எம்டிபி பிரைமர் போடுங்கள்.