ஆசிரியர் தின அன்பளிப்பும் புலன்களும்: நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவையில் நான் இருந்த காலத்தில், ஆசிரியை ஒருவருக்கு நாங்கள் கொடுத்த பரிசுக்கூடை மூன்று நாள்கள் ஆசிரியர் அறைக்கு வெளியே ஒரு நாற்காலியின் மேல் கிடந்தது. மல்லிகை வாசனைக் குப்பி, லாவெண்டர் சோப்பு, வாசனை மெழுகுவத்தி, பிஸ்கட் டின் ஆகிய எல்லாவற்றையும் கண்ணாடித்தாளால் இறுகச் சுற்றி, சிவப்பு ரிப்பன் கட்டிக் கொடுத்திருந்தோம். பெற்றுக்கொண்டவருக்குத் திமிர் என்று புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒருவர் எழுதியதைப் பார்த்து நான் அந்த ஆசிரியையிடமே போய்க் கேட்டேன். “கோபிச்சுக்காதீங்க அண்ணே, உள்ளே கொண்டுபோனா எனக்குத் தலை இடிக்குது, பாடமே நடத்த முடியல” என்றார். பிஸ்கட்டிலும் சோப்பு வாடை ஏறியிருந்ததாம்.

மதியிறுக்கம் (ஆட்டிசம்), ஏடிஎச்டி (கவனக்குறைவும் மிகை இயக்கமும் கொண்ட நிலை) போன்ற நரம்பியல் வேறுபாடு உடையவர்களுள் பலருக்கு ஒலி, ஒளி, வாசனை, தொடுவுணர்வு ஆகியவை மற்றவர்களுக்குப் படுவதுபோல் படுவதில்லை. மாணவர்களைப் பற்றிப் பேசும்போது இதை நாம் உடனே ஒப்புக்கொள்கிறோம்; ஆசிரியருக்கும் அப்படி இருக்கலாம் என்பதுதான் நமக்குத் தோன்றுவதில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு மதியிறுக்கத்தைத் தனி நிலையாக 1980-ஆம் ஆண்டில்தான் ஏற்றது. புலன்களின் மிகையான அல்லது குறைவான எதிர்வினையை அதன் அடையாளங்களுள் ஒன்றாக 2013-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் சேர்த்தது. ஆகவே இன்று ஐம்பது வயதை எட்டிய ஆசிரியர் ஒருவர், தோட்டப் பள்ளியில் படித்த காலத்தில், தமக்கு இருப்பதற்கு ஒரு பெயர் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கவே வாய்ப்பில்லை. இன்றும் அவர் பரிசோதனைக்குப் போகாதவராக இருக்கலாம். போயிருந்தும் யாரிடமும் சொல்லாதவராக இருக்கலாம்.

இதிலிருந்தே முதல் தவறு பிறக்கிறது. ஒருவருக்கு என்ன நிலை என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் அதற்கேற்ற அன்பளிப்பை யோசிக்க வேண்டும் என்று நினைப்பதும், தெரிந்துவிட்டால் வாழ்த்து அட்டையில் அதைக் குறிப்பிடுவதும் ஒரே தவற்றின் இரண்டு முகங்களாகும். 150 மாணவர்களுக்கும் குறைவான பள்ளிகளைக் கல்வி அமைச்சு குறைந்த மாணவர் பள்ளி என வகைப்படுத்துகிறது. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் பல அந்த வகையைச் சேர்ந்தவை. அத்தகைய இடத்தில் காலையில் அட்டையில் எழுதியது மாலைக்குள் கோயில் வாசல்வரை போய்விடும். அந்த நிலையின் பெயர் தெரிய வேண்டியதில்லை. அந்த ஆசிரியர் எந்த மின்விசிறிக்குக் கீழே உட்கார மறுக்கிறார், எந்தப் பேனாவையே திரும்பத் திரும்ப வாங்குகிறார் என்பதைக் கவனித்தாலே போதும்.

வாசனைப் பொருள்கள்

வாசனையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஆசிரியர் தினக் கூடைகளில் பாதி அதுதான். கண்ணை மூடிக்கொள்ளலாம், காதைப் பொத்திக்கொள்ளலாம், மூச்சை நிறுத்த முடியாது. பெரும்பாலோருக்குப் புதிய வாசனை சில நிமிடங்களில் பழகி மறைந்துவிடும். புலனுணர்வு மிகுந்தவர்கள் சிலருக்கோ அது மறையாமல் நாள் முழுவதும் முதல் நொடியில் இருந்த அதே கூர்மையுடன் நிற்கும். லாவெண்டர் மனத்தை அமைதிப்படுத்தும் என்று குப்பியில் அச்சிட்டிருப்பதை நம்பி வாங்குவது பொதுவான தவறு. ஒருவருக்கு அமைதி தருவது இன்னொருவருக்கு ஒற்றைத் தலைவலியைத் தூண்டலாம். செம்பனை எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து காற்று திரும்பும் நாளில் அந்த வாடையையே தாங்கிக்கொண்டு பாடம் நடத்துபவருக்கு நாமும் ஒரு வாசனையைச் சேர்த்துக் கொடுக்க வேண்டுமா?

வாசனை இல்லாததையே வாங்கிவிடுவோம் என்று முடிவு செய்தவர்களும் கடையில் ஏமாறுவதுண்டு. ‘அன்சென்டட்’ என்று போட்டிருக்கும் சோப்பிலும் பூச்சுக் களிம்பிலும், மூலப்பொருளின் வாடையை அமுக்குவதற்கென்றே வேறொரு நறுமணப் பொருள் சேர்க்கப்பட்டிருக்கலாம். ‘ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ’ (நறுமணப் பொருள் சேர்க்காதது) என்று இருப்பதைப் பார்த்து எடுப்பதும், பின்பக்கத்து மூலப்பொருள் பட்டியலைப் படிப்பதும் பாதுகாப்பானது. அப்படி எடுத்ததையும் வாசனைப் பொருளோடு ஒரே பையில் போட்டுக் கொண்டுவந்தால் பயனில்லை. துணி வாடையை இழுத்துக்கொள்ளும். எங்கள் கூடையில் பிஸ்கட்டே இழுத்துக்கொண்டது.

இணையத்தைப் பார்த்து வாங்குவது

புலன்களுக்கு இதமான அன்பளிப்பு என்று தேடினால் முதலில் வருவது எடையேற்றிய போர்வை. உடல் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கனம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. அப்படியென்றால் 60 கிலோ எடையுள்ளவருக்கு 6 கிலோ. குளிர் நாட்டில் அது சுகமாக இருக்கலாம். குளிர்சாதனம் இல்லாத வீட்டில், மழைக்கு முந்தைய புழுக்கத்தில், பாலியெஸ்டர் உறைக்குள் கண்ணாடி மணிகள் நிரப்பிய ஆறு கிலோவைப் போர்த்திக்கொண்டு யார் தூங்குவார்கள்? நாலு முறை துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட பருத்திக் கைலியின் இதத்தை அந்தப் போர்வை நம் ஊரில் தராது.

சத்தத்தை அடக்கும் காதணிப் பேசிகளிலும் (ஹெட்போன்) இதே கவனம் தேவை. மின்விசிறி, இயந்திரம் போன்ற ஒரே சீரான தாழ்ந்த ஒலியைத்தான் அவை நன்றாக அடக்கும். பிள்ளைகள் திடீரென்று கத்துவதையும் நாற்காலியை இழுப்பதையும் அந்த அளவுக்கு அடக்குவதில்லை. அதோடு, வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்கு மாணவனின் குரல் கேட்டாக வேண்டும். ஒலியை முழுதும் மறைக்காமல் அளவை மட்டும் குறைக்கும் காதடைப்பான் பொருத்தமாக இருக்கலாம், ஆனால் காதுக்குள் எதையும் நுழைக்கப் பொறுக்காதவர்களும் உண்டு. கேட்காமல் வாங்கக் கூடாத பொருள்களில் இதற்கே முதலிடம் கொடுப்பேன்.

எல்லோருக்கும் அமைதிதான் வேண்டும் என்று நினைப்பதும் தவறே. சிலருக்குப் புலனுணர்வு குறைவாகப் பதியும். அவர்கள் அழுத்தமான தொடுவுணர்வையும் அசைவையும் தேடிப் போவார்கள். ஒருவரே வெளிச்சத்துக்குக் கூசிக்கொண்டு, கையில் சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டே இருக்கவும் கூடும். அதைப் பார்த்துவிட்டு, வானவில் நிறத்தில் அழுத்தினால் ‘பொப்’ என்னும் ரப்பர் பலகையை வாங்கித் தருவது நல்ல எண்ணத்தில் செய்யும் அவமதிப்பாகும். இரண்டாம் ஆண்டு மாணவனின் பென்சில் பெட்டியில் இருக்கும் அதே பொருளை நாற்பது வயது ஆசிரியர் மேசையில் எப்படி வைத்துக்கொள்வார்? கைக்கு அடங்கும் வழுவழுப்பான கல்லோ மரக்குண்டோ யார் கண்ணையும் உறுத்தாது.

துணி வாங்குவோர் ஈப்போ லாஹாட் சாலைக் கடைகளில் முதலில் பார்ப்பது நிறத்தையும் கரையையும்தான். உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சரிகை கழுத்தில் உரசுமா, கழுத்துப் பட்டியில் தைத்த விலாசத் துண்டு (லேபிள்) குத்துமா என்பதே அணிபவருக்குப் பெரிது. எங்கள் கூடையைப் பெற்ற அந்த ஆசிரியை புதிய உடை எதையும் உடுத்துவதற்கு முன் விலாசத் துண்டை வெட்டி எறிவதோடு நிற்காமல், தையலைப் பிரித்து மிச்ச நூலையும் ஊசியால் எடுத்துவிடுவார் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். மேசை விளக்கு வாங்கினால் மினுக்காத வகையாகப் பாருங்கள்; நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய வகைக் குழல்விளக்கு நொடிக்கு நூறு முறை மினுக்கும், சிலரை அது களைப்படையச் செய்யும்.

கொடுக்கும் விதம்

1956-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் கூட்டரசுச் சட்டமன்றம், நாட்டின் கல்விக் கொள்கைக்கு அடிப்படையான ரசாக் கல்வி அறிக்கையை ஏற்றதை நினைவுகூர்ந்தே அந்த நாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். கொண்டாட்டம் என்றால் ஒலிவாங்கி வீறிடும், காகிதத் துகள் வெடிக்கும், எல்லோரும் கைதட்ட மேடையிலேயே பரிசைப் பிரிக்கச் சொல்வார்கள். எவ்வளவு யோசித்து வாங்கிய பொருளும் இந்த இடத்தில் வீணாகிறது, ஏனென்றால் கொடுக்கும் அந்த ஐந்து நிமிடமும் அன்பளிப்பின் பகுதிதான். ஆச்சரியப்படுத்துவதை நாம் அன்பு என்று கருதுகிறோம். எதிர்பாராததைத் தாங்க முடியாதவருக்கு அது தண்டனை.

கேட்டுவிட்டு வாங்கினால் சுவை போய்விடும் என்போர் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. ஆனால் “என்ன வேண்டும் டீச்சர்?” என்று வெறுமனே கேட்பதும் பாரமே, “ஒன்றும் வேண்டாம்” என்றுதான் பதில் வரும். இரண்டு மூன்று பொருள்களின் படத்தைத் தனியாகப் புலனத்தில் அனுப்பி, எதுவும் வேண்டாம் என்றாலும் சரிதான் என்று சேர்த்து எழுதினால் அவருக்குத் தேர்ந்தெடுப்பது எளிது. பொருள் சிறியதாகவே இருக்கட்டும்; அரசு ஊழியர்கள் அன்பளிப்பு பெறுவதற்குச் சேவை விதிகள் வரம்பு வைத்திருக்கின்றன, விலை உயர்ந்ததைக் கொடுத்து அவரைச் சங்கடத்தில் மாட்டக் கூடாது.

அடுத்த ஆண்டு நாங்கள் கூடையை விட்டுவிட்டோம். அந்த ஆசிரியை வழக்கமாகப் பயன்படுத்தும் அதே வகை, வாடை குறைந்த வெண்பலகைப் பேனாக்கள் ஒரு டஜனும், ஒரு பருத்தி மேசை விரிப்பும் வாங்கி, கண்ணாடித்தாள் சுற்றாமல் ஒரு துணிப்பையில் போட்டு, ரசீதையும் உள்ளே வைத்து, மே 15 மதியம் பள்ளி விட்ட பிறகு ஆசிரியர் அறையில் கொடுத்தேன். பேனாக்களை எண்ணி மேசை இழுப்பறையில் அடுக்கினார். விரிப்பை இரண்டு விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இது கொஞ்சம் சொரசொரப்பா இருக்கு அண்ணே, மாத்திக்கலாமா?” என்றார். சனிக்கிழமை நானே கடைக்குப் போய் மாற்றிக் கொண்டுவந்து கொடுத்தேன்.