வேனின் நகரும் ஜன்னல்கள் ஒழுகும்போது செய்ய வேண்டியவை

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் வேனின் கதவைத் திறந்ததும் ஈரவாடை முகத்தில் அடித்து, ஜன்னலோர இருக்கையை அழுத்தினால் நீர் ஊறி வருகிறது என்றால், நம்மில் பலர் உடனே சிலிக்கோன் பசையை வாங்கி வந்து ஜன்னலைச் சுற்றிலும் பூசிவிடுகிறோம். நானும் அதைத்தான் செய்தேன். ஒழுகல் நிற்கவில்லை; முன்பைவிடக் கூடியது. அது ஏன் கூடியது என்று விளங்கியபோதுதான் இந்த ஜன்னல்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதே எனக்குத் தெரிந்தது.

பக்கவாட்டில் நகரும் ஜன்னலைச் சுற்றி நீரே புகாதபடி இறுக மூடிவிட முடியாது, ஏனெனில் கண்ணாடி நகர்வதற்குச் சிறிது இடைவெளி தேவை. அந்த இடைவெளியை வெல்வெட் போன்ற மென்மயிர் ஒட்டிய சேனல்தான், அதாவது கண்ணாடி ஓடும் பள்ளமான தடம்தான், நிரப்புகிறது. அது வேகமாக அடிக்கும் நீரைத் தடுக்குமே தவிர, கண்ணாடியின் மீது வழிந்து இறங்கும் மழைநீர் முழுவதையும் தடுக்காது. எனவே கீழ்ச் சேனலுக்குள் நீர் சேரும் என்பதை எதிர்பார்த்தே ஜன்னல் வடிவமைக்கப்படுகிறது. சேனலின் வெளிப்புறச் சுவரிலோ அடியிலோ சிறிய வடிகால் துளைகள் இருக்கும். சேர்ந்த நீர் அவற்றின் வழியே வேனின் வெளிப்பக்கமாக இறங்கிவிடும். ஆக, சேனலில் நீர் இருப்பது குற்றமல்ல, அது வெளியேறாமல் தேங்கி, உள்பக்க விளிம்பைத் தாண்டி வழிவதுதான் குற்றம். நான் வெளிப்புற அடிவிளிம்பில் பூசிய சிலிக்கோன் அந்தத் துளைகளைத்தான் அடைத்திருந்தது.

வேலையைத் தொடங்கும் முன், உள்ளே காணப்படும் ஈரம் மழைநீர்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வேனுக்குள் படுத்துறங்குவோருக்கும், ஈரத்துணியை உள்ளே உலர்த்துவோருக்கும், மழையே இல்லாத குளிர்ந்த காலையில் கண்ணாடி முழுவதும் முத்து முத்தாக நீர் அரும்பி நிற்கும். அது மூச்சுக்காற்றின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிந்தது. அதற்குத் தீர்வு காற்றோட்டம்தான், பீடிங் எனப்படும் ஜன்னல் விளிம்பு ரப்பர் பட்டையை மாற்றுவது அல்ல.

மழைநீர்தான் என்று தெரிந்தால், ஜன்னலுக்குக் கீழே உள்ள உள்அலங்காரப் பலகையைக் கழற்றி, தகட்டையும் சட்டத்தின் உள்விளிம்பையும் துணியால் துடைத்து நன்கு உலரவிடுங்கள். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள வண்டிகளில் தூண்களை ஒட்டிய பகுதியையும் மேல்விளிம்பையும் நீங்களே கழற்ற வேண்டாம். பிறகு வேனைச் சமதரையில் நிறுத்தி, ஒரு குவளை நீரைக் கீழ்ச் சேனலில் மெதுவாக ஊற்றிவிட்டு வெளியே வந்து பாருங்கள். வடிகால் துளைகள் திறந்திருந்தால் சில நொடிகளிலேயே வெளித்தகட்டில் நீர்க்கோடு இறங்கும். அப்படி இறங்காமல் சேனலில் நீர் கண்ணாடி போல அசையாது நின்றால் நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. சமதரையில் சரியாக வடிந்து, வழக்கமாக நிறுத்தும் இடத்தில் மட்டும் ஒழுகினால், அந்த இடத்தின் சரிவையும் பாருங்கள். வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கும்போது துளைகளுக்கு எட்டாத மூலையில் நீர் தேங்குவதுண்டு.

அடைப்பை நீக்கும் வேலைக்குப் பொறுமை போதும். கண்ணாடியை ஒரு பக்கமாக நகர்த்தி, பழைய பல்துலக்கியால் சேனலில் உள்ள அழுக்கைக் கிளறிவிட்டு, வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுங்கள். நான் முதன்முதலில் கிளறியபோது வந்தது வெறும் தூசி அல்ல. தூசியும் உதிர்ந்த வெல்வெட் மயிரும் இலைத்துணுக்குகளும் சேர்ந்து மை போலக் கறுத்து, மூலையில் பசும்பாசியும் பிடித்திருந்தது. துளைகளுக்குள் நைலான் தூண்டில் நரம்பையோ மெல்லிய கேபிள் டையையோ வெளியிலிருந்து செலுத்தி முன்னும் பின்னும் இழுங்கள். இரும்புக் கம்பியைத் தவிருங்கள். பெயின்டைக் கீறிவிட்டால் அங்கிருந்தே துரு தொடங்கும். காற்றழுத்தக் கருவி இருந்தால் குறைந்த அழுத்தத்தில் மட்டும் பயன்படுத்துங்கள், இல்லையேல் ஒட்டியிருக்கும் சேனலே பெயர்ந்துவிடும். இறுதியில் வெதுவெதுப்பான சோப்பு நீரால் கழுவி, குவளைச் சோதனையை மீண்டும் செய்யுங்கள். பல வேன்களில் வேலை இத்துடன் முடிந்துவிடும்.

இதன் பின்னும் ஒழுகினால் குழாய்நீர்ச் சோதனை தேவை. ஒருவர் டார்ச்சுடன் உள்ளே அமர, மற்றவர் வெளியிலிருந்து அழுத்தமில்லாத நீரை முதலில் ஜன்னலின் அடிவிளிம்பில் மட்டும் ஐந்து நிமிடம் விட வேண்டும். பிறகு பக்கங்கள், பிறகு கண்ணாடிகள் சந்திக்கும் நடுவிளிம்பு, அதன் பிறகே மேல்விளிம்பு, கடைசியாகக் கூரை. மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, எந்த வழியாக வந்தது என்று சொல்ல முடியாமல் போகும். சட்டத்தின் உள்விளிம்பு நெடுகிலும் டிஷ்யூத் தாளை ஒட்டிவைத்தால் முதல் துளி பட்ட இடம் கருத்துக் காட்டிக்கொடுக்கும். ஜன்னல் முழுவதும் நனைந்தும் தாள் உலர்ந்திருந்து, கூரையில் நீர் விட்டதும் ஈரம் தெரிந்தால், கேரியர் போல்ட்டுகளையும் கூரையின் இணைப்புகளையும் பாருங்கள். நீர் தகட்டின் உட்புறமாக நெடுந்தூரம் ஓடி, ஜன்னலருகே சொட்டுவது அரிதல்ல.

நடுவிளிம்பில் ஒழுகினால் தாழ்ப்பாளைச் சோதியுங்கள். அது தளர்ந்திருந்தால் கண்ணாடி முழுமையாக மூடாது, எத்தனை நல்ல பீடிங் இருந்தாலும் பயன் இராது. வெல்வெட் சேனல் மழுங்கி வழுக்கையாகியிருந்தால் அதை மாற்றியே ஆக வேண்டும். பழைய துண்டு ஒன்றை வெட்டி எடுத்துச் சென்று, சேனலின் அகலம், உயரம், கண்ணாடியின் தடிமன் ஆகிய மூன்றும் பொருந்துவதை வாங்குங்கள். புதியதைப் பொருத்தும்போது அதன் அடியில் உள்ள வெட்டுகள் வடிகால் துளைகளுக்கு நேராக அமைய வேண்டும். வெட்டு இல்லையெனில் நீங்களே வெட்டிக்கொள்ள வேண்டும். ரப்பர் பாகங்களுக்குச் சிலிக்கோன் ஸ்பிரே நல்லது. கிரீஸும் என்ஜின் ஆயிலும் ரப்பரை உப்பவைத்துக் கெடுத்துவிடும்.

சட்டத்துக்கும் வேனின் தகட்டுக்கும் இடையில் நீர் வந்தால் வேலை பெரிது. உட்பக்க வளையத்தைத் திருகுகளால் இறுக்கிப் பொருத்திய ஜன்னலானால், இன்னொருவர் வெளியிலிருந்து தாங்கிப் பிடிக்க, திருகுகளைக் கழற்றிச் சட்டத்தை முழுவதுமாக வெளியே எடுக்கலாம். பாதுகாப்புக் கண்ணாடியின் முகம் அடியைத் தாங்கும், விளிம்பு தாங்காது. விளிம்பில் உலோகம் பட்டால் முழுக் கண்ணாடியும் பொடியாகிவிடும் என்பதால் கையுறையும் கண்காப்பும் அவசியம். பழைய பசையைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, தகட்டில் துரு இருந்தால் அதைத் தேய்த்து நீக்கி, பிரைமரும் பெயின்டும் அடித்து, முழுமையாக உலர்ந்த பின்னரே அடுத்த வேலைக்குப் போங்கள். பிறகு சட்டத்தின் உதட்டில் பியூட்டைல் டேப்பை (மென்மையாகப் பிசுபிசுக்கும் ரப்பர் நாடா) இடைவெளியின்றி ஒட்டி, முனைகள் சேரும் இடம் ஜன்னலின் அடிப்பக்கமாக வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். திருகுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். சுற்றிலும் பியூட்டைல் ஒரே சீராகப் பிதுங்கினால் போதும். ஓரிரு நாள் கழித்து மறுபடி லேசாக இறுக்குங்கள், ஏனெனில் பியூட்டைல் மெல்ல அமிழும். தகட்டில் நெளிவுகள் உள்ள இடத்தில் டேப்பை இரண்டடுக்காக வைக்கலாம்.

எங்காவது சிலிக்கோன் பூசியே தீர வேண்டுமென்றால், காடி வாடை வீசும் வகையைத் தவிர்த்து நியூட்ரல் வகையை வாங்குங்கள். முன்னதிலிருந்து வெளிவரும் அமிலம் உலோகத்தை அரிக்கும். சட்டமே இல்லாமல் பாலியூரித்தேன் பசையால் நேரடியாகத் தகட்டில் ஒட்டப்பட்ட கண்ணாடியை அறுத்தெடுக்க முயல வேண்டாம், அதை ஜன்னல் கண்ணாடி மாற்றுபவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கழற்றிய உள்பலகையை உடனே மாட்டிவிடாதீர்கள். அதன் பின்னால் உள்ள பஞ்சையும் தரைவிரிப்பின் அடிப்பகுதியையும் வெயிலில் காயவைத்து, வேனைச் சில நாள் ஓட்டிவிட்டு, ஒரு நல்ல மழை பெய்து முடிந்ததும் தகட்டின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். விரலில் ஈரம் படவில்லையென்றால் பலகையை மாட்டலாம்.