டயர் காற்று: பார், கேபிஏ, பிஎஸ்ஐ கணக்கு

கார் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 220 கேபிஏ என்று போட்டிருக்கும், பெட்ரோல் பங்கில் காற்று அடிப்பவரோ "எத்தனை வைக்கட்டும், முப்பதா முப்பத்திரண்டா?" என்பார். அவர் கேட்பது பிஎஸ்ஐ. கேபிஏ, பார், பிஎஸ்ஐ எல்லாமே காற்றழுத்தத்தை அளக்கும் அலகுகள்தான்.

முதலில் கேபிஏவை 100-ஆல் வகுத்தால் பார் வந்துவிடும்: 220 என்றால் 2.2 பார். ஒரு பார் 14.5 பிஎஸ்ஐ. மனக்கணக்காகப் போட 2.2-ஐ 15-ஆல் பெருக்குங்கள், 33 வரும், அதில் 2.2-இன் பாதியான 1.1-ஐக் கழித்தால் 31.9, அதாவது 32 வைக்கச் சொன்னால் சரி. கால்குலேட்டரைத் தேட வேண்டியதில்லை.

பழைய மீட்டர்களில் கிலோ/செ.மீ² என்று இருக்கும். அதில் ஒன்று 14.2 பிஎஸ்ஐ, பாரோடு கிட்டத்தட்ட ஒன்றுதான், டயருக்கு அந்த வித்தியாசத்தைப் பார்க்கவே வேண்டாம்.

அப்புறம், ஸ்டிக்கரில் உள்ளது டயர் குளிர்ந்திருக்கும்போது வைக்க வேண்டிய அளவு. நெடுந்தூரம் ஓட்டிவிட்டு உடனே பார்த்தால் சில பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றைப் பிடுங்கிவிடாதீர்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அது தாங்கும் உச்ச அளவு, அதைப் படித்துச் சொல்லிவிடவும் வேண்டாம்.