செம்புக் கம்பியை அறும்வரை இழுத்துப் பார்ப்போம்: தகைவு, திரிபு செய்முறை

விசையைக் குறுக்குப் பரப்பால் வகுத்தால் தகைவு. நீட்சியை மூல நீளத்தால் வகுத்தால் திரிபு. இந்த இரண்டு வரிகளை மனப்பாடம் செய்வதைவிட ஒரு கம்பியை இழுத்துப் பார்ப்பது மேல்.

தேவையானவை: மோட்டார் வைண்டிங் கடையில் கிடைக்கும் 32 கேஜ் செம்புக் கம்பி 4 மீட்டர், ஒரு சி-கிளாம்ப், இரண்டு மரத்துண்டு, ஒரு கப்பி, சின்ன பிளாஸ்டிக் வாளி, 100 கிராம் மணல் பொட்டலங்கள் 15, மி.மீ. அளவுகோல், திருகு அளவி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி.

1. கம்பியின் நுனியில் உள்ள எனாமலை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு விட்டத்தை அளவிடுங்கள். 0.274 மி.மீ. இருக்கும், பரப்பு 0.059 ச.மி.மீ. எனாமலோடு அளந்து 0.30 என்று எழுதிவிட்டால், பரப்புக் கணக்கில் விட்டம் வர்க்கமாவதால் தகைவு ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். பலருக்கும் கணக்கு இங்கேதான் தப்புகிறது.

2. ஒரு முனையை மரத்துண்டுகளுக்கு நடுவே வைத்து கிளாம்பால் இறுக்குங்கள். முடிச்சுப் போட வேண்டாம், முடிச்சிலேயே அறுந்துவிடும். மறுமுனையைக் கப்பிமேல் விட்டு, வாளியின் கைப்பிடியில் ஏழெட்டுச் சுற்று சுற்றுங்கள். கம்பி நீளும்போது வாளி இறங்குவதற்குப் போதிய இடமும் அடியில் ஒரு தலையணையும் இருக்கட்டும்.

3. கிளாம்பிலிருந்து சரியாக 2.5 மீட்டரில், கப்பிக்கு முன்னால், ஒரு காகிதக் கொடி ஒட்டி அதன் கீழே அளவுகோலை வையுங்கள். வெறும் வாளி தொங்கும்போது கம்பியின் நெளிவு போய்விடும்; அதுவே பூச்சியம்.

4. பொட்டலங்களை ஒவ்வொன்றாக, மெதுவாக இறக்கி வையுங்கள். கையிலிருந்து சட்டென்று விட்டாலே ஒரு கணம் இரண்டு மடங்கு சுமை விழும். அரை நிமிடம் பொறுத்து, கொடியை மொபைலில் நேர் மேலிருந்து படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். 300 கிராமுக்கு விசை 2.94 நியூட்டன், தகைவு ஏறத்தாழ 50 நி/மி.மீ². நீட்சி 1 மி.மீ. என்றால் திரிபு 0.0004. தகைவைத் திரிபால் வகுத்தால் வருவது யங் குணகம், அதாவது பொருளின் விறைப்பு: 1,25,000 நி/மி.மீ². செம்புக்கு 1,10,000 முதல் 1,30,000 வரை வந்தால் நல்ல அளவீடு.

5. இனித்தான் சுவை. ஒவ்வொரு பொட்டலத்துக்குப் பிறகும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கொடி பூச்சியத்துக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பாத முதல் சுமையில் மீட்சி எல்லை தாண்டிவிட்டது. அதன்பின் ஒரே பொட்டலத்துக்குக் கம்பி பல மில்லிமீட்டர் இழையும். அப்போது சுமையை எடுத்து மறுபடி ஏற்றினால், முன்பு இழைந்த அதே சுமை வரைக்கும் கம்பி விறைப்பாக நிற்கும்! இழுபட்ட செம்பு கடினப்பட்டுவிட்டது. ஒருமுறை இழுத்த கம்பியில் சோதனையைப் புதிதாகத் தொடங்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

6. கண்ணாடி அணிந்து, அறும்வரை ஏற்றுங்கள். ஒன்றேகால் கிலோவை ஒட்டி அறும். இந்தக் கணக்கில் வாளியின் எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அறுந்த நுனியை லென்ஸில் பாருங்கள், கழுத்துப்போல் மெலிந்திருக்கும்.

7. கிடைஅச்சில் திரிபு, நேரச்சில் தகைவு வைத்து வரைபடம் போடுங்கள். திரிபு 0.002 (நம் கம்பியில் 5 மி.மீ.) என்ற புள்ளியிலிருந்து தொடக்க நேர்கோட்டுக்கு இணையாக ஒரு கோடு இழுத்தால், அது வளைகோட்டை வெட்டும் இடமே 0.2% நிலைத் தகைவு, அதாவது சுமையை எடுத்தபின்னும் 0.2% நீட்சி மிஞ்சும் தகைவு. வீடு கட்டும் டி.எம்.டி. கம்பியில் எஃப்இ 500 என்று பொறித்திருக்கும் 500, இந்த வகை எண்தான்: அந்தக் கம்பிக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்சம், நி/மி.மீ² அலகில். 12 மி.மீ. கம்பியின் பரப்பு 113 ச.மி.மீ. என்பதால், ஒரே கம்பி நிரந்தரமாக நீளத் தொடங்க 5.7 டன்னுக்குமேல் தொங்கவிட வேண்டும்.