கதையில் நாயை எங்கே கட்டுவது?

சிறுகதையில் வீட்டு நாயைக் கொண்டுவரப் போகிறீர்கள் என்றால், கடைசியில் அதைச் சாகடிப்பதில்லை என்று முதலிலேயே முடிவெடுத்துவிடுங்கள். இங்கே மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாங்கள் நாலைந்து பேர் சனிக்கிழமை சாயங்காலம் ஒட்டுக்கடையில் உட்கார்ந்து ஒருவர் கதையை ஒருவர் படிப்போம், நாய் வந்த கதைகளில் முக்கால்வாசி லாரியில் அடிபட்டுத்தான் முடிந்தது. என்னுடையதும் அப்படித்தான். அழவைக்கவென்றே வளர்த்த நாயை வாசகர் மூன்றாவது பத்தியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

சரி, நாய்க்கு என்ன வேலை கொடுப்பது? வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாததை அதன் வழியாகச் சொல்லவையுங்கள். அப்பாவும் மகனும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள் என்று எழுதவே வேண்டாம். தோட்டத்து லயத்து வீட்டு அஞ்சடியில், அதாவது முன் திண்ணையில், அப்பா உட்கார்ந்துகொண்டு நாயிடம், "மணி, தம்பி சாப்பிட்டானான்னு கேளு" என்கிறார். உள்ளேயிருந்து, "மணி, எனக்குப் பசிக்கலேன்னு சொல்லு." நடுவில் மணி இரண்டு பக்கமும் தலையைத் திருப்புகிறது, அவ்வளவுதான். அப்புறம், அதற்கு யார் சோறு வைக்கிறார்கள் என்பதை எழுத உட்காருமுன்பே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். "அந்தச் சனியனைத் துரத்துங்க" என்று நாளெல்லாம் கத்தும் பாட்டிதான் மீன் தலையை எடுத்துவைப்பவள் என்றால் பாட்டியைப் பற்றித் தனியாக ஒரு வரியும் தேவையில்லை.

நாயின் பார்வையிலிருந்து எழுதுகிறவர்கள் அதிகம் கோட்டைவிடுவது நிறத்தில். நாய்க்கு நீலமும் மஞ்சளும் பிரியும், சிவப்பு மங்கித்தான் தெரியும், ஆகவே அம்மாவின் சிவப்புச் சேலையை அது ரசிக்காது. மூக்கைப் பிடித்துக்கொண்டு போங்கள். பால்மரம் (ரப்பர் மரம்) சீவிவிட்டு வரும் அப்பாவின் காற்சட்டையில் ஒட்டுப்பால், அதாவது உறைந்த ரப்பர் பால், நாற்றம் இருக்கும், மனிதர்களுக்குக் குமட்டும், மணிக்கு அது அப்பா. ஒரு நாள் அவர் வழக்கமான நேரத்துக்கு வருகிறார், மணி முழங்காலை முகர்கிறது, சந்தேகப்பட்டு மறுபடி முகர்கிறது, நாற்றம் இல்லை. மரங்களைத் தள்ளிவிட்டுச் செம்பனை (எண்ணெய்ப்பனை) போடப் போகிறார்கள், வேலை போய்விட்டது, அவர் வீட்டில் இன்னும் சொல்லவில்லை. (இந்த இடம் எனக்கு நாலாவது முறை எழுதும்போதுதான் கிடைத்தது.)

காலத்தையும் கவனியுங்கள். 1948 ஜூன் 16ஆம் தேதி இந்த வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டு, கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக ஆங்கிலேயர் அறிவித்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. அந்த வருடங்களில் நடக்கும் கதை என்றால் நடுராத்திரியில் நாய் குரைத்ததும் விளக்கை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பார்கள். இன்றைக்கு அதே குரைப்புக்குச் சாப்பாடு கொண்டுவந்த மோட்டார் பையன்தான் காரணமாக இருப்பான்.

பெயர் மணி, டைகர், ஜிம்மி எதுவானாலும் சரி, தத்துவப் பெயர் மட்டும் வேண்டாம்.

முடிவு? தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்குப் போகிறார்கள், அங்கே நாய் வளர்க்கக்கூடாது. லாரியில் அலமாரி, மெத்தை, சாமி படம் எல்லாம் ஏற்றியாகிவிட்டது, எல்லாருக்கும் முன்னால் மணி தாவி ஏறி மெத்தைமேல் உட்கார்ந்திருக்கிறது. லாரிக்காரர், "இதுவும் வருதாண்ணே?" என்று கேட்கிறார். அப்பா கயிற்றை இன்னொரு முறை இழுத்துக் கட்டுகிறார். என் கதையை இந்த முறை அங்கேயே நிறுத்திவிட்டேன்.